மிளகாய் அரைத்த கல்

கணபதி, கோயம்புத்தூர்
புரட்டாசி 26, ஞாயிறு

அன்புள்ள தங்கை புவனாவுக்கு, அக்கா சாந்தாமணி எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால்காரர் இஸ்ரேல் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஏனுங்க, இந்தக் காலத்துல இன்னமும் கடுதாசி எழுதறாங்களா?’ என்று கேட்டார். என் தங்கச்சி அங்கே ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள், சனிக்கிழமையானால் அந்த வீட்டில் போனைத் தொடக் கூடாது, அதனால் எழுதுகிறாள் என்றேன். நல்ல வழக்கம்தானுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே தீபாவளி வேலை தலைக்குமேல் இருக்கிறது. மாவுக்கடைக்கு இரண்டாவது கிரைண்டர் வாங்கியிருக்கிறோம். பழையது போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து லேத் பட்டறைக்காரரே எட்டிப் பார்க்கிறார். உன் மாமாவுக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துக்கொள் என்றால் என்னைத்தான் முறைக்கிறார். அம்மா படுத்திருந்த கட்டிலைப் பிரித்து மாடிக்கு ஏற்றிவிட்டோம். கட்டில் கால் இருந்த இடத்தில் தரையில் நாலு வட்டம் மட்டும் இன்னும் தெரிகிறது. எத்தனை துடைத்தும் போகவில்லை.

நீ எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். உங்கள் வீட்டு அந்தம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அவர்களுடைய ஜெப வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது, பெண்கள் பக்கம் கடைசியில் நீ உட்கார்ந்திருந்தது, வேதம் வாசிக்கிறவர் கணீரென்று படித்துக்கொண்டே வந்து திடீரென்று குரலைத் தாழ்த்தி மடமடவென்று படித்தது எல்லாம் கண்முன் நிற்கிறது. அந்தம்மா சின்ன வயதில் எர்ணாகுளத்தில் இருந்தவர் என்பதால் உன்னிடம் மலையாளத்தில் சொன்னாராமே. அது சாபம் வருகிற பகுதி, சொல்லாமலும் விடக் கூடாது, சத்தம் போட்டும் சொல்லக் கூடாது என்று. மற்றப் பகுதிகளுக்குப் போல அந்தப் பகுதிக்கு யாரையும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள், படிக்கிறவரே தன் தலையில் ஏற்றுக்கொள்வார் என்றும் எழுதியிருந்தாய்.

அதற்குக் கீழே ரெண்டே வரி. உள்ளங்கை ரெண்டும் எரிகிறது, ஆடி மாதம் இருக்கும், அப்போது தொடங்கியது, டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார் என்று. போகிற போக்கில் எழுதிவிட்டு நீ ரொட்டி விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். நான் அந்த ரெண்டு வரியிலேயே நின்றுவிட்டேன் அம்மணி. வாளியில் ஊறிய உளுந்து பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆடி முதல் வெள்ளிக்கிழமை உன் பேரைச் சொல்லி நான் மிளகாய் அரைத்தேன்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே நம் ஊர் அம்மன் கோயிலில், பின்பக்கம் கிடக்கிற அந்த அம்மியில்தான். தனக்கு அநியாயம் செய்தவர்கள் பேரைச் சொல்லி வரமிளகாய் அரைத்துக் கல்லில் அப்புவார்கள், காரியம் பலித்த பிறகு வந்து எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் குளிர்விப்பார்கள். சின்னப்பிள்ளையில் நீயும் நானும் அந்தப் பக்கம் போகவே பயந்து ஓடுவோமே, அதே கல். ஒன்பது மிளகாய். உன் பேர், உன் அனுஷ நட்சத்திரம், நம் குலக் கூட்டத்தின் பேர், ஒன்றையும் விடவில்லை. அவள் கை எரியட்டும், அந்தக் கைக்கு எதுவும் எட்டாமல் போகட்டும் என்றேன். கை என்றுதான் சொன்னேன் புவனா.

ஆனி மாதம் அம்மா போனபோது உங்கள் ஊரில் சண்டையால் விமானமே ஓடவில்லை, நீ அந்தம்மாவோடு பதுங்கு அறைக்குள் உட்கார்ந்திருந்தாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அரைத்தேன். பங்குனியில் விமானம் ஓடிற்றே, ஒரு எட்டு வந்து பார்த்துப்போட்டுப் போ என்று கூப்பிட்டபோது ‘ஆடியில வாரேனுங்க்கா’ என்றாயே, அந்தக் கோபம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. எட்டு மாதம் அம்மாவுக்கு மேல் கழுவி, கீழ் கழுவி, வாயில் ஊட்டினவள் நான். கடைசி மூன்று நாளும் அவள் புவனா, புவனா என்று உன்னைத்தான் கூப்பிட்டாள். என்னைப் பார்த்தே உன் பேரைச் சொன்னாள். என் பேர் ஒருதரம்கூட அந்த வாயில் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் மிளகாயாய்ப் போனது. உன் மாமாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே மாடியில் குடியிருக்கிற பிரீத்திகாவிடம் போய்க் கேட்டேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிற பெண், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அந்தச் சாபப் பகுதி தமிழில் இருக்குமா என்றேன். பைபிளில் அந்த இடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘அக்கா, எங்க வீட்டுக் காலண்டர்ல எல்லாம் ஆசீர்வாதம் மட்டும்தானுங்க போடுவாங்க. நாங்க பதினாலாவது வசனத்தோட நிறுத்திக்குவோமுங்க’ என்று சிரித்தாள். பதினாலு வரைக்கும் ஆசீர்வாதம், அதற்குமேல் ஐம்பத்து நாலு வசனம் சாபம். நான் நிறுத்தவில்லை. கிரைண்டர் ஓடுகிற நேரமெல்லாம் படித்தேன்.

எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், தப்பாயிருந்தால் அந்தம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள். ரெண்டு மலை எதிரெதிரே நிற்கிறது. ஆறு கூட்டம் இந்த மலையில் ஆசீர்வாதத்துக்கு, ஆறு கூட்டம் அந்த மலையில் சாபத்துக்கு. நடுவில் பள்ளத்தாக்கு. ரெண்டு பட்டியலிலும் வருவது ஒரே சாமான்கள்தான். கூடை, மாவு பிசைகிற தொட்டி, வயிற்றுப்பிள்ளை, ஆட்டுக்குட்டி, ஒருத்தர் உள்ளே வருவது, வெளியே போவது. மாவுத் தொட்டியைப் படித்ததும் என் கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தேன். வாழ்த்துகிற சாமானுக்கேதான் சாபமும். அங்கே தலைக்குமேல் வானம் வெண்கலம், காலடியில் மண் இரும்பு என்று ஒரு சாபம் வருகிறது. மழை பொய்த்த வருசத்துக் காங்கேயம் காட்டைப் பார்த்தவர் யாரோதான் எழுதியிருக்க வேண்டும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இதென்ன சாமி, கொடுப்பது கைப்பிடி, மிரட்டுவது மூட்டை என்று. பிறகு பார்த்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. கேட்டு நடந்தால் இது, நடக்காவிட்டால் அது. எதிரியைப் பார்த்துச் சொன்னதும் இல்லை. என் ஜனம் என்று கையடித்து ஒப்பந்தம் செய்துகொண்டவர்களிடம், தருவதாகச் சொன்ன நாட்டுக்குள் கால் வைக்கும் முன்னால், முகத்துக்கு நேரே சொன்னது. கிணத்துப் பக்கம் போனீங்க, காலை ஒடிச்சுப்போடுவேன் என்று அம்மா கத்துவாளே, அந்த மாதிரி. கால் ஒடியக் கூடாது என்பதற்காகத்தானே அந்தக் கத்தல். என் சாபத்தில் ‘ஆனால்’ இல்லை. உன் முகத்துக்கு நேரேயும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று, ரோட்டில் போகிறவளுக்கு எவளாவது பஸ் ஏறிப் போய் மிளகாய் அரைப்பாளா? நீ என்னவள் என்பதால்தான் அரைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பலிபீடத்தை எந்த மலையில் கட்டச் சொன்னார்கள் தெரியுமா? சாப மலையில். இரும்பு படாத முழுக் கல்லால் கட்டி, அங்கேயே சமாதானப் பலி கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோசப்படச் சொல்லியிருக்கிறது. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டியதும் கண் சொக்கியது. கனவா, ஜன்னலில் தெரிந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. ஒரு பக்கம் சிவன்மலை, எதிரே சென்னிமலை, ரெண்டும் கைநீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டன. சிவன்மலையில் பாதிச் சொந்தம், சென்னிமலையில் மீதிச் சொந்தம், எல்லோரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வெள்ளைவெளேரென்று நிற்கிறார்கள். நடுவில் காட்டில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ரெண்டு மலையும் என்னென்னவோ சொல்கிறது, அவள் எதையும் காதில் வாங்கவில்லை. நான் கிட்டே போனேன். தலையைத் தூக்காமலே, ‘வந்துட்டியா சாந்தா, அவளையும் கூப்புடு, சோறு ஆறுது’ என்றாள். சாந்தா என்றாள் புவனா! கண்டக்டர் காங்கேயம், காங்கேயம் என்று கத்தினார். எனக்கு முகமெல்லாம் ஈரம்.

கோயிலில் பூசை செய்கிற பண்டாரத்திடம் கல்லைக் குளிர்விக்க வந்திருக்கிறேன் என்றேன். ‘அரைச்ச காரியம் பலிச்சுப்போச்சுங்களா அம்மிணி?’ என்று கேட்டார். பலிக்கக் கூடாது, திரும்ப வாங்கிக்கொள்ள வந்தேன் என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ‘அரைக்கறதுக்கு முறையிருக்குதுங்க, குளுப்பாட்டறதுக்கு முறையிருக்குதுங்க. திருப்பி வாங்கறதுக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வரலைங்க. உங்களுக்கு என்ன தோணுதோ செய்ங்க’ என்றார்.

கல்லைக் கையாலேயே கழுவினேன். எத்தனை பேருடைய மிளகாயோ, எத்தனை மாதத்துக் காரமோ, விரல் இடுக்கெல்லாம் பிடித்துக்கொண்டது. பதினோரு குடம் தண்ணீர் ஊற்றினேன், நல்லெண்ணெய் விட்டேன், கை நெருப்பாய் எரிந்தது. எரியட்டும் என்றுதான் தேய்த்தேன். பிறகு அந்த இடத்திலேயே நின்று உரக்கச் சொன்னேன். மந்திரம் எனக்கு என்ன தெரியும்? அந்தப் பட்டியலில் ஞாபகம் இருந்ததைத்தான் சொன்னேன். அனுஷ நட்சத்திரம் புவனா உள்ளே வரும்போதும் நல்லாயிருக்கோணும், வெளியே போகும்போதும் நல்லாயிருக்கோணும், அவள் கூடையும் தொட்டியும் நிறையோணும், அவள் கை தொட்டதெல்லாம் துலங்கோணும் என்று. சாபத்தை மெல்லப் படிக்கிறவர்கள் வாழ்த்தைக் கணீரென்று படிப்பதாக எழுதியிருந்தாயே. அப்படித்தான் கத்தினேன்.

எனக்குப் பின்னால் ஒரு பொம்பளை மடியில் மிளகாயோடு காத்திருந்தாள். யாருக்கு அரைக்க வந்தாளோ தெரியாது. நான் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, அவளாகவே, ‘ஆகட்டுமுங்க, ஆகட்டுமுங்க’ என்றாள். நான் முடித்ததும் ஈரக் கல்லைத் துடைத்துவிட்டுத் தன் மிளகாயை எடுத்து வைத்தாள். அவளைத் தடுக்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

ரெண்டு நாளாகியும் என் கை இன்னும் எரிகிறது. மோர் ஊற்றியாயிற்று, வெண்ணெய் தடவியாயிற்று. உன் மாமா, மாவுல கைய வச்சுப்போடாதே, நாளைக்கு ஊரே என் சட்டையப் புடிக்கும் என்று கேலி பண்ணுகிறார். அதனால்தான் எழுத்து கோணல்மாணலாய் இருக்கிறது. உன்னிடமிருந்து அது என்னிடம் வந்திருந்தால் நல்லது. அப்படி ஒன்றும் இல்லை, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சிரித்தாலும் நல்லது. என்னை மன்னிக்கிறாயா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொள்.

அந்தப் புத்தகத்தில் சாபமெல்லாம் வந்து தீர்ந்த பிறகு ஒரு இடம் இருக்கிறது. வானத்தின் கடைக்கோடியில் சிதறிக் கிடந்தாலும் அங்கிருந்து உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று. எனக்கு அத்தனை சக்தி கிடையாது. மாவுக்கடைக்காரி. பீளமேட்டு ஏர்போர்ட் வரைக்கும் வருவேன், அவ்வளவுதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் நீ புறப்பட்ட காலையில் நான் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. அம்மாதான் வாசலில் நின்று வழியனுப்பினாள். ‘போயிட்டு வாரேனுங்க்கா’ என்று நீ ரெண்டு தடவை சொன்னதும் என் காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் பாத்திரத்தை உருட்டினேன். அதுதான் நான் முதலில் அரைத்த மிளகாய்.

இனி அந்தக் கேள்வி. கை எப்படி இருக்கிறது கண்ணு? வேறெதுவும் எழுத மனசில்லாவிட்டால் அந்த ஒரு வரி மட்டும் எழுது.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது, இந்த எரிகிற கையால் எழுதுகிறேன். போயிட்டு வா, அம்மணி. பத்திரமாய்ப் போயிட்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா
சாந்தாமணி