இடப்பக்கத்து இடம்

என் பிடிவாதக்காரருக்கு,

நேரில் பேசினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்தோறும் எங்கே போகிறேன் என்று கேட்டீர்களே, நூலகத்துக் கீழ்க்கூடத்தில் நடனம் கற்கிறேன். சிரிக்காதீர்கள். நானூறு வருடப் பழைய ஐரோப்பிய ஜோடி நடனம். குதிப்பதும் சுழல்வதும் கிடையாது. கைகோத்து ஓரடி வைத்து, நின்று, அடுத்த அடி வைக்க வேண்டும்; அவ்வளவுதான்.

அதில் ஆணுக்கு இடப்பக்கம், பெண்ணுக்கு வலப்பக்கம். முதல் நாளே நான் ஆண்கள் வரிசையில் போய் நின்றேன்.

"அம்மா, நீங்க அந்தப் பக்கம் நிக்கணும்" என்றார், சொல்லிக்கொடுக்கும் தையல்காரர்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது கைகால் விழுந்துபோச்சு, அந்தப் பக்கம்தான் ஆள் வேணும். இதையே சொல்லிக் குடுங்க" என்றேன். அவரே என் வலப்பக்கம் வந்து நின்று கைகோத்தார்.

மூன்று மாதமாயிற்று. இப்போது ஓரடிகூடப் பிசகமாட்டேன்.

நேற்று, கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம், "இனிமே நடந்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறேன்?" என்றீர்களாமே. கோட்டையெல்லாம் வேண்டாம். அந்தக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபத்திரண்டு அடி. முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு அது ஒரு தூரமா?

வலக்கையில் தடி இருக்கட்டும். இடக்கை என் பொறுப்பு.

செவ்வாய் நாலு மணிக்குச் சட்டை மாட்டிவிட வருவேன். வரமாட்டேன் என்பதானால், சமையலறை வரை நடந்து வந்து என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சற்றும் சளைக்காதவள்