பூச்சுக்கு முன்

ஜனவரி 12

கீழ்வீட்டுச் சுவர்கள் இடுப்புயரம் வந்துவிட்டன. இந்த உயரத்தில் எந்த வீடும் பாழடைந்த கோட்டைபோலத்தான் இருக்கிறது. கட்டுகிறார்களா இடிக்கிறார்களா என்று தெரிய இன்னும் நாலடி எழும்ப வேண்டும்.

மேஸ்திரி எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் சார்" என்பார். ஜன்னல் நிலை சாய்ந்திருக்கிறதே என்றேன். பாத்துக்கலாம். பிறகு என்னைக் கையைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தி, "இங்கேருந்து பாருங்க, நேராத்தான் இருக்கு" என்றார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கறாராகப் பேசினார். "காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா சுவரை நனைக்கணும். சிமெண்டு குடிச்சாத்தான் இறுகும். விட்டா பொடியா உதிரும்."

அதற்கு ஆள் யாரும் இல்லையா என்று கேட்டேன். மனைவி என்னைப் பார்த்தாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்று எட்டு மாதமான ஆள் கேட்கக்கூடாத கேள்வி அது.

ஜனவரி 13

முறை போட்டாகிவிட்டது. காலையில் நான். மாலையில், பள்ளிக்கூடம் விட்டதும், தம்பி.

போட்டவர்கள் என் மனைவியும் தம்பி மனைவியும். இந்த வீடே அவர்கள் போட்ட திட்டம்தான். கீழே நாங்கள், மேலே தம்பி குடும்பம், என் ஹால் வழியாக ஏறும் ஒரே மாடிப்படி. ஊரில் ஓரகத்திகள் முறைத்துக்கொள்வார்கள், அண்ணன் தம்பி நடுவில் கிடந்து தவிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டோம். நானும் அவனும் பேசி நாலு வருடம் ஆகிறது.

"ஒரே ஹால்ல ரெண்டு பேரும் எப்படிங்க நடமாடுவீங்க?" என்றாள் மனைவி.

"நடமாடப் பேச்சு எதுக்கு?" என்றேன். நல்ல பதில் என்று எனக்குப் பட்டது. அவளுக்குப் படவில்லை.

ஜனவரி 14

முக்கால் மணி நேரம் ஓஸ் பிடித்தேன். சட்டை நனைந்த அளவுக்குச் சுவர் நனைந்ததா என்பது சந்தேகம்.

ஜனவரி 19

எந்தச் சுவரை என்றைக்குக் கட்டினோம் என்று மேஸ்திரி அதன்மேலேயே தேதி போட்டுவைக்கிறார், எத்தனை நாள் நனைத்தோம் என்று கணக்கு வைக்க. இன்று காலை வடக்குச் சுவரில் அந்தத் தேதிக்குக் கீழே, வெள்ளைச் சாக்பீஸில், கரும்பலகை எழுத்தில்: "இச்சுவரின் மேற்பகுதி போதிய அளவு நனைக்கப்படவில்லை."

தம்பி கணக்கு வாத்தியார். சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் கிடக்கும். யார் நனைக்கவில்லை என்று எழுதவில்லை, யாரிடம் சொல்கிறான் என்றும் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு நம் இலக்கணம் எவ்வளவு வசதி செய்துகொடுத்திருக்கிறது.

பதில் எழுதக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஜனவரி 20

எழுதினேன். கரித்துண்டால். "மேற்பகுதியை எட்டும் நீளத்துக்கு ஓஸ் வாங்கப்படவில்லை."

வாங்கியவன் அவன்.

ஜனவரி 21

புது ஓஸ் சுருண்டு கிடக்கிறது. சுவரில் ஒரே சொல்: "வாங்கப்பட்டது."

பிப்ரவரி 3

மதிப்பெண் போட ஆரம்பித்துவிட்டான். "வடக்கு 8/10. கிழக்கு 5/10. சமையலறை: தேர்வுக்கு வரவில்லை."

முப்பத்தொரு வருடம் நூலகத்தில் மற்றவர்களைப் பேசாமலிருக்கச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கும் நடைமுறை உண்டு. எழுதினேன்: "முதல் நினைவூட்டல். மாலை நேர ஊழியர் ஓஸை வாசல் நிலையின்மேல் தொங்கவிட்டுப் போகிறார். காலை நேர ஊழியரின் தலையில் விழுகிறது."

பிப்ரவரி 4

"ஊழியர் குனிந்து வரவும்."

பிப்ரவரி 17

கீழ்வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மேலே மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். இரண்டு வாரம் வற்றக் கூடாதாம். காக்கைகள் கூட்டமாக வந்து குளித்துவிட்டுப் போகின்றன. எங்களுக்கு முன்பே அவை குடிவந்துவிட்டன.

மார்ச் 6

இப்போது வேலையாட்கள் எல்லோரும் படிக்கிறார்கள். காலையில் நான் போவதற்குள் மேஸ்திரி உரக்க வாசித்துக் காட்டிவிடுகிறார். "நேத்து உங்க தம்பி நல்லாக் குடுத்திருக்காரு சார்" என்று வாசலிலேயே வரவேற்றார். கல் சுமக்கும் அம்மா என் கட்சி. "பெரியவரு எழுதுறதுலதான் விஷயம் இருக்கு. சின்னவரு சும்மா மார்க் போடுறாரு" என்றார். என் எழுத்துக்கு இப்படி ஒரு விமர்சனம் இதற்கு முன் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"போன்ல அவர் நம்பர் இருக்குல்ல?" என்றாள்.

இருக்கிறது. போனில் பேசினால் பேசியதாகிவிடும்.

மார்ச் 19

ஹால் சுவரில் இன்று: "ஒன்பதாம் வகுப்பு. அறுபது தாள். ஒருவனுக்கும் பின்னம் தெரியவில்லை. தலைவலி."

இதில் தண்ணீர் சம்பந்தமாக எதுவும் இல்லை. மூன்று தடவை படித்தேன். எங்காவது 'நனைக்கப்பட' என்று இருக்கிறதா என்று தேடினேன்.

கடைசியில் எழுதினேன்: "பின்னம் எனக்கும் தெரியாது. பென்ஷன் வருகிறது."

மார்ச் 20

கீழே ஒரு டிக் அடித்திருக்கிறான். பெரிய டிக்.

ஏப்ரல் 9

மாடிவீட்டுக்கும் கூரை போட்டாயிற்று. இனி இது வீடுதான், மழை வந்தால் உள்ளே ஓடலாம். ஆனால் மனைவி முகம் சரியில்லை. தம்பி மனைவி வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள். நான் உள்ளறையில் இருந்தேன், காதில் விழுந்தது.

"அக்கா, இவங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசினாத்தான் நாங்க மேல குடிவருவோம். இல்லேன்னா மேல்வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இருக்கிற இடத்துலயே இருந்துக்கிறோம். சுவத்துல எழுதிக்கிட்டுக் குடித்தனம் பண்ண முடியுமா? நாளைக்குப் பெயிண்ட் அடிச்சா அப்புறம் எங்க எழுதுவாங்க?"

அவள் போன பிறகு மனைவியிடம், "வாடகைக்கு வர்றவங்களும் நல்லவங்களா இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம். அந்தப் படியில யாரோ ஒருத்தர் ஏறி இறங்குவாங்க. அது அவரா இருக்க மாட்டாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் புத்தக அலமாரிக்குப் போனேன். எந்தப் புத்தகத்தை எடுத்தேன் என்று நினைவில்லை.

மே 4

பூச்சு வேலை ஆரம்பம். பூச்சுக்காரர் பெரிய உருவம், சின்னக் குரல். மேல்வீட்டிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வருகிறார். ஒரு நாளைக்கு ஓர் அறை என்று கணக்கு.

மே 12

கீழே வந்துவிட்டார். வடக்குச் சுவரும் ஹால் சுவரும் போயின. "நனைக்கப்படவில்லை," மதிப்பெண்கள், நினைவூட்டல், தலைவலி, டிக் — எல்லாம் அரை அங்குலச் சிமெண்டுக்கு அடியில். வருங்காலத்தில் யாராவது தோண்டிப் பார்த்தால், இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அதில் ஒரே ஒரு மாணவன் படித்தான், அவனும் சுமார் என்று முடிவுக்கு வருவார்கள்.

புதுப் பூச்சில் எழுத முடியாது. ஈரம். எழுதினால் பூச்சுக்காரர் என்னைப் பூசிவிடுவார்.

மே 15

சமையலறைக்குப் பின்வாங்கிவிட்டோம். தம்பி எழுதியிருக்கிறான்: "இன்னும் இரண்டு சுவர் பாக்கி."

ஆமாம் என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

மே 18

இதுவரை இந்த நோட்டில் எழுதாததை எழுதிவைக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு முடியாமல் போனது. தம்பி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றான். நான் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றேன். கேட்டேன். அந்த வியாதியைப் பற்றிப் படித்தேன். ஒன்றரை நாள் ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். அங்கே வராந்தாவில், சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது, தம்பி சொன்னான்: "நீ புக்கைப் புரட்டி முடிக்கிறதுக்குள்ள அப்பா போயிட்டாரு."

நான் பதில் சொல்லவில்லை. நல்ல பதிலாக யோசித்து மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அதே இடத்தில் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் சண்டையாகியிருக்கும், ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். யோசிக்கப் போனேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் சொன்னது சரியோ என்னவோ — அதுதான் பயம். பயம் என்று இப்போதுதான் எழுதுகிறேன். கோபம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

மே 21

பாக்கி ஒரே சுவர். படிக்குக் கீழே இருக்கும் குளியலறையின் பின்சுவர். ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் வெளியே நிற்க வேண்டிய அறை. காலையில் போனபோது பூச்சுக்காரர் ஏற்கனவே கலவையோடு உள்ளே இருந்தார். என்னைக் கண்டதும் வெளியே வந்து வழிவிட்டார்.

சுவர் முழுக்க எழுதியிருந்தான். அறை குறுகல் என்பதால் வரிகள் கோணி ஏறியிருந்தன.

"அண்ணா, அன்னைக்கு வராந்தாவில் நான் சொன்னது தப்பு. முதல் நாளே சேர்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகுதான் உன்னிடம் அப்படிப் பேசினேன். யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. நீ பக்கத்தில் நின்றாய்."

இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சின்னக் குரல்.

"படிச்சிட்டீங்களா சார்?"

"படிச்சிட்டேன்."

"பதில் எழுதணுமா? கலவை இறுகிடும்."

கையில் கரித்துண்டு இருந்தது. நாலு வருடமாக யோசித்த பதில்கள் எல்லாம் இருந்தன. சிலது நன்றாகவே இருந்தன.

"வேண்டாம். பூசிடுங்க."

பத்துக் கரண்டிக் கலவை. கடைசியாக மறைந்தது 'பக்கத்தில்'. வெளியிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்: "இன்னிக்கு என்ன எழுதியிருந்தாரு?"

பூச்சுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி விஷயம்" என்றார்.

மே 22

புதுப் பூச்சை மறுநாளிலிருந்து நனைக்க வேண்டும். காலையில் நனைத்துவிட்டு வந்தேன். மாலை என் முறையில்லை.

போனேன்.

தம்பி குளியலறை வாசலில் ஓஸோடு நின்றான். என்னைப் பார்த்ததும் கை சட்டைப்பைக்குப் போனது. பிறகு சுவரைப் பார்த்தான். சிமெண்டுச் சாம்பல் நிறம், எங்கும் இடமில்லை. கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

"இவ்வளவு கிட்டப் பிடிச்சா பூச்சு கரைஞ்சிரும்" என்றேன். நாலு வருடத்துக்குப் பிறகு முதல் வாக்கியம் இது. நூலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் இதைவிடச் சிறப்பாக ஆரம்பித்திருக்கலாம்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் பிடிக்கிற?"

"காலையில நீ சரியா நனைக்கல. அதான்."

"நனைச்சேன்."

"மேல நனைக்கல. நீ என்னைக்கு மேல நனைச்சிருக்க?"

அப்புறம் அரை மணி நேரம் சத்தம். ஓஸ், ஓஸின் நீளம், கதவு நிலை, ஐந்து மதிப்பெண். அப்பாவும் வந்தார். அந்தப் பேச்சை எழுதப்போவதில்லை. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, மேஸ்திரிக்குப் போன் போட்டு, வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி பாத்துக்கலாம் என்றாராம்.

தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடி ஹாலெல்லாம் குளம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாளியை எடுத்து அள்ளிக் கொட்டினோம். அவன் மூச்சு வாங்கினான். வயதாகிவிட்டது அவனுக்கு. சொன்னேன். உனக்கு மட்டும் என்ன என்றான்.

மே 23

தம்பி மனைவி காலையிலேயே வந்து, மாடிவீட்டு ஜன்னல்களை அளந்துகொண்டு போனாளாம். திரைச்சீலைக்கு.

ஜூலை 8

குடிவந்து ஒன்பது நாள். பள்ளிக்குக் கிளம்பும் தம்பி, நான் ஹாலில் பேப்பரை விரிக்கும் நேரத்துக்குப் படியில் இறங்கி வந்து, பாதிப் படியில் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறான். தலைமையாசிரியர், பின்னம், மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருவது, அதற்கு நான் எப்படிக் காரணம். இன்றும் பேப்பரில் முதல் பக்கம் தாண்டவில்லை.