கோணல் வட்டம்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டெறும்பு எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். போனிலும் அப்படித்தான். பக்கத்தில் அம்மா இருக்கிறாள் என்று தெரிந்தால் உங்களுக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கடிதம்.

சாரணியர் படையில் இரண்டாம் நிலை பேட்ஜுக்கு எனக்கு இரண்டே இரண்டு பாக்கி. முடிச்சு, முதலுதவி எல்லாம் தேறிவிட்டேன். ஒன்று இயற்கைப் பாடம். ஏதாவது ஓர் உயிரை ஒரு மாதம், தொடாமல், பார்த்து எழுத வேண்டும். பள்ளி மைதானத்து மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்புகளை எடுத்திருக்கிறேன். "உனக்கேத்த ஜோடிதான்" என்கிறார் டீச்சர். உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? நீங்களும் ஒன்றைப் பாருங்களேன், எனக்குத் துணையாக.

இன்னொன்று தடம் வைத்தல். ஊர் எல்லையில் உள்ள காட்டுப் பூங்கா வாசலில் தொடங்கி, கல்லாலும் குச்சியாலும் குறி வைத்துக்கொண்டே போய் நான் ஒளிந்துகொள்ள வேண்டும். வழி தெரியாத ஒருவர், அதுவும் வீட்டு மனிதர், குறிகளை மட்டும் பார்த்து என்னிடம் வந்து சேர வேண்டும். அம்மா "நான் லீவு போடட்டுமா?" என்றாள். அவள் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் ஞாயிறுதான் கூட்டம், வேண்டாம் என்றேன். அது உண்மையில்லை. நீங்கள் வர வேண்டும், அவ்வளவுதான். நீங்களும் அம்மாவும் சண்டை போட்டுப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கும் உங்களுக்கும் என்ன சண்டை?

மூன்று குறி தெரிந்தால் போதும். அம்பு வைத்திருந்தால் இந்த வழி. குறுக்குக் குச்சிகள் என்றால் இது வழியில்லை. வட்டத்தின் நடுவில் ஒரு கல் என்றால், வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் வழி தவறிப்போவார்கள். அது விதி.

ஜூன் 22, ஞாயிறு, மூன்று மணி. "பாக்கலாம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
கட்டெறும்பு

ஜூன் 10

என் கட்டெறும்புக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடி அப்படியேதான் இருக்கிறது.

இங்கே குளிர் கிடங்கு வேலை உனக்குத் தெரிந்ததுதான். வெளியே வெயில் கொளுத்தும், நான் ஸ்வெட்டரும் குல்லாவுமாக மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருப்பவன் தெரிய மாட்டான். உள்ளே வாயைத் திறந்தால் பல் கூசும், அதனால் யாரும் பேசுவதில்லை. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால், பேச ஆளில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமலே படுத்திருக்கிறேன் என்பது பாயைச் சுருட்டும்போதுதான் தெரியும்.

என் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டாயே, சுவர். பக்கத்துக் கட்டடத்தின் முதுகு. ஆனால் நீ சொன்னாயே என்று உற்றுப் பார்த்ததில், ஜன்னல் கம்பியில் ஒரு சிலந்தி. இதுவரை அதைப் பார்க்காமலா இருந்தேன்! காற்றாடியை வேகமாக வைத்தால் வலை அறுந்துவிடுகிறது. அதனால் இப்போது மெதுவாகத்தான் வைக்கிறேன், வியர்த்து ஊற்றுகிறது. வேலைக்குப் போகும்போது "வரேம்மா" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். சிரிக்காதே.

இடியே விழுந்தாலும் 22ஆம் தேதி வருவேன். அம்மாவுக்குக் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அப்பா

ஜூன் 23

அப்பாவுக்கு,

இடி எதுவும் விழவில்லை. நீங்களும் வரவில்லை.

மற்றவர்களின் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கண்டுபிடித்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். நான் புதருக்குப் பின்னால் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீங்கள்தான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் டீச்சர் வந்து, "போதும்மா, எழுந்திரு. நானே கண்டுபிடிச்சதா வச்சுக்கலாமா?" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டு மனிதர் இல்லையே.

நான் வைத்த குறிகளை நானே அழித்துக்கொண்டு திரும்பினேன். ஒரு கல்லைக்கூட விடவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் "சாப்பிடு" என்றாள். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

நேற்று மறந்து விட்டுவந்த முடிச்சுக் கயிற்றை எடுக்க இன்று காலை பூங்காவுக்குப் போனால், வாசலில் யாரோ பொடிசுகள் கோணல்மாணலாக ஒரு வட்டம் வைத்து நடுவில் ஒரு கல்லையும் வைத்திருந்தார்கள். வைக்கத் தெரிகிறது, அழிக்கத் தெரியவில்லை. இருந்த கோபத்தில் காலாலேயே தள்ளி அழித்தேன்.

இனி எழுத எனக்கு நேரமிருக்காது. பரீட்சை வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் மகள்

ஜூன் 30

என் கட்டெறும்புக்கு,

கோபம் தீரும் வரை கடி. ஆனால் இதை மட்டும் படித்துவிடு.

அந்தப் பொடிசு நான்தான்.

என் காலை ஷிப்ட் முடிந்ததும் என்னை மாற்றிவிட வர வேண்டியவன் வரவில்லை. ஆள் வராமல் கிடங்கை விட்டு இறங்க முடியாது. போன் அம்மா கையில் இருக்கும், கூப்பிட்டுச் சொல்லத் தயங்கிவிட்டேன். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்து ஓடி வந்தும் பூங்காவுக்கு வரும்போது ஆறு தாண்டிவிட்டது. குனிந்து குனிந்து அம்புகளைத் தேடினேன். மூன்று கல் சேர்ந்து கிடந்தால் போதும், எனக்கு அம்பாகத் தெரிந்தது. அப்படி ஓர் அம்பை நம்பிப் போய்க் கழிவறை வாசலில் நின்றேன். காவல்காரர் "யாரு வேணும் உங்களுக்கு?" என்றார். "பொண்ணு ஒளிஞ்சிருக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். இருட்டிவிட்டது. வந்ததற்கு அடையாளமாக எதையாவது வைத்துவிட்டுப் போகலாம் என்று அந்த வட்டத்தை வைத்தேன். நீ பார்த்தால் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். பார்த்தாய், நல்லது. விதிப்படிதானே செய்தாய், உன் மேல் தப்பே இல்லை.

வீட்டுக்கும் வந்தேன், தெரு முனை வரை. மாடியில் விளக்கு எரிந்தது, உன் நிழல் இப்படியும் அப்படியும் போனது. எந்த முகத்தோடு மேலே ஏறுவது? கால் வரவில்லை. கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அழுதேன் என்று உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சிலந்தி நலம். எழுத நேரமிருந்தால் எழுது.

அப்பா

ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை மொட்டை மாடியில் வைத்துப் படித்தேன். காலால் தள்ளினேனே அப்பா. கையால் எடுத்திருந்தால்கூடத் தேவலை.

டீச்சரிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். சரி என்றார். பூங்கா வேண்டாம், பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை தடம் வைக்கிறேன் என்றேன். "வழி தெரியாத ஆள்தானே வரணும்? உங்கப்பாவுக்குத்தான் அந்த வழி தெரியுமே" என்றார். "தெரியல டீச்சர். தெரு முனையோட நின்னுட்டாரு" என்றேன். "சரி, வை" என்றார்.

நேற்றே வைத்துவிட்டேன். வரும் ஞாயிறு, மூன்று மணி. எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, இந்தத் தடத்தை நான் அழிக்கப்போவதில்லை. விதியை மீறுகிறேன் என்று டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். மாடிப்படியில் கடைசி அம்பு இருக்கும். ஏறி வாருங்கள்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் அவள் கடையிலிருந்து வருவதை மாடியிலிருந்து பார்த்தேன். மருந்துக் கடை முனையில் யாரோ சைக்கிளை ஏற்றி அம்பைக் கலைத்திருந்தார்கள். தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, கழுத்து வலியோடு குனிந்தாள். கடையில் கண்ணாடி ஃபிரேமைப் பார்ப்பாளே, அதே மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒவ்வொரு கல்லாக நேராக்கினாள்.

மேலே வந்ததும் நான் கேட்காமலே சொன்னாள்: "கோணலா இருந்துச்சு. வர்றவங்க வேற தெருவுக்குப் போயிடப் போறாங்க."

பிறகு கை கழுவப் போய்விட்டாள்.

உங்கள்
கட்டெறும்பு