உன் தங்கையின் எடை

வில்லாபுரம், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி ஹரிஷ்குமாருக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. காவ்யஸ்ரீ பாறையிலிருந்து விழுந்து, மணிக்கட்டு உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறாள். இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். கேட்டுக்கொண்டு, ஜிம்மில் வகுப்பு நடக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அப்புறம் வந்த மெசேஜில் நீ கேட்டிருந்த ஒரே கேள்வி, நேஷனல்ஸ் தேர்வுப் போட்டிக்குள் கை சரியாகிவிடுமா என்பது. அதைப் படித்த பிறகுதான் காகிதம் எடுத்தேன்.

வீட்டில் பேசுகிற நம் தாய்பாஷையில் சண்டை போட்டால் எனக்குப் பாதியிலேயே அழுகை வந்துவிடும். நீயும் அதைச் சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். முழுவதும் படி.

மேலூர்ப் பக்கம் நீ அவளுக்கு ஏறக் கற்றுக்கொடுத்த அதே பாறைதான். கீழே கயிறு பிடித்தவள் அஸ்வினி. உசிலம்பட்டிப் பெண், உனக்கும் தெரியும், காவ்யாவோடு கல்லூரியில் படித்தவள். பாதிக்கு மேல் ஏறிய காவ்யா சத்தமே இல்லாமல் கையை விட்டிருக்கிறாள். கயிறு தாங்கிக்கொண்டது. ஆனால் ஊசலாடிப் போய்ப் பாறையில் மோதிவிட்டாள். அஸ்வினிதான் மெதுவாகக் கீழே இறக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். நான் ஆபீஸிலிருந்து ஓடிப்போய் நின்றபோது அந்தப் பெண்ணின் உள்ளங்கை கயிறு உரசித் தோலுரிந்திருந்தது. அதைக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, இவளுக்குக் கை நழுவல. கண்ணு இருட்டிருச்சு. காலைல இருந்து ஒரு வெள்ளரிக்காதான் தின்னுருக்கா. கேட்டா, அண்ணே சொன்னதுங்குறா."

அண்ணே என்றது உன்னைத்தான்.

டாக்டர் அம்மா காவ்யாவிடம் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வெளியே வந்து நின்றேன். பிறகு டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார்: பல மாதமாக நின்றுபோயிருக்கிறது. எலும்பையும் பரிசோதித்துவிட்டு, இந்த வயதுப் பெண்ணின் எலும்பு இப்படி இருக்கக் கூடாது என்றார். போதிய சாப்பாடு இல்லாமல் உடம்பை வருத்தினால் இப்படித்தான் ஆகுமாம். யார் இவளைப் பட்டினி போட்டது என்று என்னைக் கேட்டார். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? நான் என்ன பதில் சொல்லியிருப்பேன், யோசித்துப் பார்.

காவ்யா யாரும் சொல்லவில்லை என்றாள். உன்னைக் காப்பாற்றினாள்.

அஸ்வினி காப்பாற்றவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கஷ்டமான இடங்களில் எம்பிப் பிடிக்கத் தெம்பு போதவில்லை, கிரியேட்டின் என்கிற பலப் பவுடரை எடுத்துக்கொள்ளலாமா என்று காவ்யா உன்னைக் கேட்டிருக்கிறாள். கூடாது என்றிருக்கிறாய். அதைச் சாப்பிட்டால் தசையில் தண்ணீர் நிற்கும், ஒரு கிலோ கூடிவிடும், பாறையில் அந்த ஒரு கிலோதான் எதிரி என்றாயாம். அதோடு விட்டாயா? இருக்கிற எடையே அதிகம், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்து, காலையில் எடை மெஷினில் ஏறி நின்று போட்டோ அனுப்பு என்றாயாம். அவளும் தினமும் அனுப்பியிருக்கிறாள். குறைந்த நாளில் நீ கைதட்டுகிற பொம்மை போடுவாய். கூடிய நாளில் பதிலே போட மாட்டாய்.

அப்புறம் அஸ்வினி தன் போனில் உன் வீடியோவைக் காட்டினாள். உன் ஜிம்மில் ஏறிப் பழகுகிற சுவருக்கு முன்னால் சட்டையில்லாமல் நிற்கிறாய். கையில் அதே பவுடர் டப்பா. நான் தினமும் சாப்பிடுகிறேன், எடை கொஞ்சம் கூடினாலும் பலம் அதைவிடக் கூடும், பயப்படாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். பணம் கட்டி வருகிற பையன்களுக்கு டப்பா, சொந்தத் தங்கைக்கு வெள்ளரிக்காயா? உன் வாய்க்கு எத்தனை நாக்கு, ஹரிஷ்?

அந்தப் பவுடரைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். ஊரில் சிலர் நினைப்பது மாதிரி அது போதை மருந்தும் இல்லையாம், போட்டியில் தடை செய்ததும் இல்லையாம். ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்கள் அளவோடு சாப்பிடலாம். ஆரம்பத்தில் எடை கூடுவது தண்ணீரால்தான், கொழுப்பால் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துச் செய்கிற வேலைக்குப் பலம் தரும். ஆனால் பாறை ஏறுகிறவர்களுக்கு அந்தப் பலம் பெரிதா, கூடுகிற எடை பெரிதா என்று இன்னும் யாரும் முடிவாகச் சொல்லவில்லை என்றார். முடிவாகச் சொன்னவன் நீ ஒருவன்தான். அதுவும் ஆளுக்கொரு முடிவு. சோறு தின்னாத உடம்புக்கு எந்த டப்பாவும் உதவாது என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

எடை மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். ஓடுகிறதா என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது, அதனால்தான் போடுகிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் தட்டில் சாதத்தைப் போட்டதும் காவ்யா அழுதாள். பசியில் அழவில்லை, பயத்தில் அழுதாள். சின்னக் குழந்தையாக இருந்தபோதுகூட அவள் சோற்றைப் பார்த்து அழுததில்லை. இப்போது அஸ்வினி சாயங்காலம் வேலை முடிந்து ஆரப்பாளையத்திலிருந்து நேராக இங்கே வந்து, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். எதுவும் உபதேசம் செய்வதில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கம்மா என்று தட்டை நீட்டுவாள். பார்த்துக்கொண்டே இவளும் நீட்டுகிறாள்.

நேற்று காவ்யா ஒரு முடிவு சொன்னாள். உன் ஜிம் பெயரில் இனிமேல் போட்டிக்குப் போக மாட்டாளாம். தேர்வுக்காரர்களுக்கு அவளே எழுதி விலகிவிட்டாள். கை ஆறி, டாக்டர் சரி என்றதும் அஸ்வினியோடு திரும்ப ஏறுவாளாம். பவுடர் வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டரைக் கேட்டு அவள் முடிவு செய்துகொள்வாள். அதில் நீயும் வாய் திறக்காதே, நானும் திறக்க மாட்டேன். இம்புட்டுத் தெளிவாக அவள் பேசி எத்தனை மாதமாயிற்று!

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். அண்ணாவை விட்டுவிடு, அவன் என்னை நேஷனல்ஸில் பார்க்கத்தான் ஆசைப்பட்டான் என்றாள். ஆசைப்பட்டதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த ஆசைக்கு அவள் உடம்பு தீனியாகிவிட்டது என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜிம் சுவரில் இறகு மாதிரி இருக்கிறாள் என்று எழுதி மாட்டியிருக்கும் அவள் படத்தை நாளைக்கே கழற்று. உன்னிடம் பயிற்சிக்கு வருகிற மற்றப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேள். எடையைக் கேட்காதே. அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள். தங்கைக்குப் போன் செய்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. லீவு போட்டு நேரில் வா. அவளிடம் நான் செய்தது தப்பு என்று சொல். அவள் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம். நான் இடையில் வர மாட்டேன்.

அப்பா நேற்று அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நீ பேசுவதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இவன் கன்னத்தைப் பார்த்தாயா ரங்கநாயகி என்றார். அதன் பிறகு நானும் பார்த்தேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிகிறது. தினமும் சாப்பிடுகிறேன் என்று நீ சிரிக்கிற அந்த முகத்தில் சாப்பிட்ட களையே இல்லை.

நீயும் காலையில் மெஷினில் ஏறி நிற்கிறாயா, ஹரிஷ்? உனக்கு யார் கைதட்டுகிறார்கள்?

என் கோபம் தீரவில்லை. நீ வருகிறவரை தீராது. ஆனாலும் இந்தக் கடிதத்தை வெறும் வயிற்றோடு படித்துக்கொண்டிருந்தால், மடித்து வைத்துவிட்டு முதலில் போய் ஏதாவது சாப்பிடு. வயிறு நிறையச் சாப்பிடு. பதில் அப்புறம் எழுதலாம்.

உன் அம்மா,
ரங்கநாயகி சௌந்தரராஜன்