கைமாறாத பட்டி

குளிர்கால அங்கிகளை வெளியே எடுத்தபோது அந்தப் பிளாஸ்டிக் பையும் கூடவே விழுந்தது. திறந்தேன். நீ முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் மணம். உள்ளே உன் சிவப்புத் துணிப்பட்டி.

இந்த நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துத் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் நாம் பக்கத்து மேசைக்காரிகள். நீ ஜப்பானில் மரதன் ஓடியவள் என்பது நெடுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாம் பேசியது பிரெஞ்சு கலந்த ஆங்கிலம். ஆனால் உன் குரல் இப்போது எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

உங்கள் ஊரில் கம்பனிகள் ஓட்டக்காரிகளை வேலைக்கு வைத்து அணி நடத்தும். காலையில் ஓட்டம், பிறகு அலுவலகம். நெடுந்தூர அஞ்சலோட்டத்தில் கோலுக்குப் பதிலாக, தோளில் குறுக்காக அணியும் பட்டியைக் கைமாற்றுவீர்கள். அதிகம் பிந்திய அணிக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அடுத்தவளை வேறொரு பட்டியுடன் அனுப்பிவிடுவார்கள். வயிற்றுப் பிடிப்போடு நீ வந்து சேர்ந்தபோது பட்டி கைமாற்றும் கோட்டில் எவளும் இல்லை.

"வேர்வையில நனைஞ்ச பட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்" என்றாய்.

அதன்பின் மரதனுக்கு மாறினாய். அதில் யாரும் உனக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. ஒருமுறை வென்றாய். அடுத்த வருடம் பாத எலும்பு முறிந்தது. கம்பனி உனக்கு அலுவலக மேசையை மட்டும் விட்டுவைத்தது. அது பிடிக்காமல் இங்கே படிக்க வந்தாய்.

ஆனாலும் நம் வீடுகளுக்குப் பக்கத்தில், லாசாலில் ஆற்றங்கரையோரம் விடாமல் ஓடினாய். ஒரு நாள் சாப்பிட வந்தபோது என் கணவர் கேட்டார்: "இந்தக் குளிருக்குள்ள உன்ர சிநேகிதியை ஆரப்பா துரத்துறது?"

மொழிபெயர்த்தேன். "ஒருத்தருமில்லை எண்டு சொல்லு. அதுதான் பிரச்சினை" என்றாய்.

அவர் உன் தட்டில் இன்னொரு வடை வைத்தார்.

குணமாகிவிட்டது என்று நாம் நம்பியிருந்த உன் புற்றுநோய் திரும்பி வந்த மாரியில், வைத்தியசாலைத் தலையணைக்கடியில் பட்டியை வைத்திருந்தாய்.

"நாளைக்கு வா. இதை உன்ர கையிலதான் தரவேணும்."

"இண்டைக்கே தாவன்."

"இன்னும் ஓடி முடியேல்லை."

மறுநாள் பனிப்புயல். பஸ் நடுவழியில் நின்றது. நான் வந்து சேர்ந்தபோது கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். தாதிதான் பையைத் தந்தாள். இரண்டாவது தடவையும் அது கைமாறவில்லை.

மறுமையை நம்பாதவள் நான். நீ எங்கும் காத்திருக்கவில்லை என்று தெரியும். இதை எழுதும்போதும் கோட்டில் யாரும் இல்லை.

இன்று அங்கிக்குள் உன் பட்டியை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைவரை போனேன். எனக்கு ஓட வராது, நடந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றித் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்தே இருந்தது.