காற்றுப் பந்தலில் வாழைமரம்

தை 10, வெள்ளி

பள்ளிக் கண்காட்சிக்கு நான் வடிவமைத்த காற்றுப் பந்தல், மேசை விசிறியின் காற்றில் உப்பி எழுந்து நின்றது. பிளாஸ்டிக் தாள்களை மெழுகுவத்திச் சூட்டில் நானே ஒட்டியிருந்தேன்.

பார்க்க வந்த என் அப்பா, மூங்கில் பந்தல் போடும் நைனா, கையோடு கொண்டுவந்த வாழைமரத்தை வாசலில் கட்டினார். "வாய மரம் இல்லன்னா சாவூட்டுப் பந்தலாட்டம் கீதும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் பந்தல் சுருங்கி, உள்ளே நின்ற தலைமையாசிரியை மேலேயே விழுந்தது.

"உன்ன யாரு நைனா மரம் கட்டச் சொன்னது? இது காத்து, மூங்கிலு இல்ல!" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன்.

"தப்புதாம்மா, எனுக்கு இன்னா தெரியும்" என்றவர், தலைமையாசிரியையைப் பார்த்தும் கைகூப்பினார். பிறகு மரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் தாளை மடிக்கும்போதுதான் பார்த்தேன். மரம் கட்டிய பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கம் நான் அவசரமாக ஒட்டிய ஓரம் முழ நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

சொல்லிவிடத்தான் வீட்டுக்கு வந்தேன். சோறு தின்னும்போது நைனாவே பேச்செடுத்தார்.

"அடுத்த தபா வெறும் மாவெல தோரணம்தாம்மா. அது வெயிட்டு இல்ல. கட்டலாமில்ல?"

"கட்டலாம்" என்று மட்டும் சொன்னேன்.