அத்தைக்கு அனுப்பின உன் படம்

சீனி மாமா,

நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ செத்து அஞ்சு மாசம் ஆகியும், சந்தோஷம் வந்தால் உனக்குத்தான் முதலில் சொல்லத் தோணுது.

கண் தெரியாத உன் அம்மாவுக்கு உன் படத்தை மெயிலில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அத்தையின் போன் மெயிலைச் சத்தமாக வாசித்துவிட்டு, படம் வந்தால் "படம்" என்று மட்டும் சொல்லுமாம். நான் கூட்டிப் பெருக்குகிற ஆபீசில் டைப் அடிக்கிற அக்கா சிரித்தார்கள். "படத்துல என்ன இருக்குன்னு கூடவே எழுதணும்டி. போன் அதைப் படிக்கும்" என்று எழுதுகிற இடத்தையும் காட்டினார்கள்.

எழுதினேன். நீலச் சட்டை, சீவாத தலை, பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறார், தெத்துப்பல் தெரியுது.

அத்தை உடனே கூப்பிட்டார்கள். "ஏழு தடவை கேட்டுட்டேன்டி. அது என் பல்லு, அவன் அப்பா பல்லு இல்ல."

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை மாமா. மீதிப் படத்துக்கும் எழுதப்போகிறேன்.

"யாரைப் பாத்து சிரிக்கிறான்? அதையும் எழுது" என்கிறார்கள் அத்தை. அது உன் போனில் கிடந்த படம், நான் அங்கே இல்லை. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். யாரைப் பார்த்து மாமா அப்படிச் சிரித்தாய்?